ஹெப்பகோடியும் சுமைச் சைக்கிளும்

பெங்களூரிலிருந்து ஓசூருக்குச் செல்லும் பெருஞ்சாலையில், எலெக்ட்ரானிக் சிட்டியின் கண்ணாடி மாளிகைகளைத் தாண்டிச் சிறிது தூரம் சென்றால் ஹெப்பகோடி வருகிறது. பெங்களூர் நகர மாவட்டத்தில் ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்த ஊர் இது. ஏரியும் வயலுமாக இருந்த சிற்றூர், இன்று தனக்கென ஒரு நகரசபையைக் கொண்ட தொழில் நகரமாகிவிட்டது. அண்டையில் பொம்மசந்திரா தொழிற்பேட்டை, மேற்கே ஜிகணி, தெற்கே சந்தாபுரா, அத்திப்பள்ளி, அதற்கு அப்பால் தமிழ்நாட்டு எல்லை. ஸ்ரீநகரில் புறப்பட்டுக் கன்னியாகுமரியில் முடியும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இவ்வூர் வழியாகவே செல்கிறது. முன்னர் இதனை 7-ஆம் எண் சாலை என்று அழைத்தனர். கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், மதுரை, திருநெல்வேலி என்று நம்மவர் பிறந்த ஊர்களைக் கோத்துக்கொண்டு ஓடும் சாலை, அவர்கள் பிழைக்க வந்த ஊரின் வாசலையும் தொட்டுச் செல்வதால், இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு அதன்மீது ஒரு தனிப் பற்று உண்டு.

2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மெட்ரோ ரயிலின் மஞ்சள் வழித்தடம் திறக்கப்பட்டது. ஆர்.வி. சாலையில் தொடங்கிப் பொம்மசந்திராவில் முடியும் அவ்வழியில் 16 நிலையங்கள். சுமார் 19 கிலோமீட்டர் தூரம். ஹெப்பகோடிக்கும் ஒரு நிலையம் கிடைத்திருக்கிறது. அந்நிலையத்தின் படிகளில் நின்று கீழே நோக்குவோர்க்கு இவ்வூரின் இரண்டு வாழ்க்கைகளும் ஒருசேரப் புலனாகும். மேலே ரயிலில் வந்திறங்குவோர் கையில் ஒரு சிறு பையோடு நடக்கின்றனர். கீழே சாலையோரத்தில், முழுச் சுமையோடு சைக்கிள்கள் செல்கின்றன.

ரயில் மனிதரை ஏற்றிச் செல்லும். அவர்களுடைய தொழிற்கருவிகளையெல்லாம் ஏற்றிச் செல்லாது. சுவருக்கு வர்ணம் பூசுபவர் தம் வாளிகளையும் உருளைகளையும் ஏணியையும் சைக்கிளில் கட்டித்தான் போகவேண்டும். கொத்தனாருக்கு மட்டக்கோலும் கரணையும் உண்டு. பூ விற்பவருக்குக் கூடை. பால் கொடுப்பவருக்குக் கேன். இரவுப் பணியாளருக்குத் தேநீர் விற்பவருக்குப் பெரிய பிளாஸ்க்கும் கோப்பைப் பையும் பிஸ்கட் தகரமும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையிலோ வேறு ஒரு கூட்டம் காணப்படுகிறது. கணிப்பொறி நிறுவனங்களில் பணிபுரியும் இளைஞர்கள், விலையுயர்ந்த சைக்கிள்களில் பைகளைப் பட்டைகளால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஓசூரையும் கிருஷ்ணகிரியையும் நோக்கிப் புறப்படுகின்றனர். ஒரு சாராருக்குச் சுமை பிழைப்பு. மற்றவர்க்குச் சுமை பொழுதுபோக்கு. ஆயினும் கட்டப்பட்ட சுமை சைக்கிளின் உடலுக்குச் செய்யும் தீங்கு இருவர்க்கும் ஒன்றே. அத்தீங்கைப் பற்றியும், அதனைத் தடுக்கும் வழியைப் பற்றியும் நம் வாசகர்க்குச் சில சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

பழுது பார்க்கும் கடையில் கண்டவை

நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே பிரியும் தெரு ஒன்றில், தகரக் கூரையின்கீழ் ஒரு சைக்கிள் கடை இருக்கிறது. அதனை நடத்துபவர் தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்து பல ஆண்டுகளாக இங்கே தொழில் செய்பவர். ஒரு மாலைப்பொழுதை அவர் கடையில் கழித்தோம். பஞ்சர் ஒட்டுவதும் பிரேக் கட்டை மாற்றுவதுமாக அவருடைய கை ஓயாதிருந்தது. ஆனால் நம் கருத்தைக் கவர்ந்தவை, கூரைக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்த பழைய பிரேம்கள். அவை எதனால் பழுதுபட்டன என்று கேட்டோம். அவர் ஒவ்வொன்றையும் இறக்கிக் காட்டினார்.

முதலாவதின் மேற்குழாயில், அதாவது நாம் 'பார்' என்று சொல்லும் பகுதியில், வளையல் அணிந்ததுபோல் வர்ணம் தேய்ந்து போன வட்டங்கள் இருந்தன. கயிறு சுற்றியிருந்த இடங்கள் அவை. இரண்டாவதில் இருக்கைக் குழாயை ஒட்டித் துருப் பிடித்துச் செதில் செதிலாக உரிந்திருந்தது. மழைத்தண்ணீரை உறிஞ்சிக்கொண்ட துணியைப் பல மாதம் அவிழ்க்காமல் வைத்திருந்ததன் பயன். மூன்றாவதில், ஏணியை இறுக்கிக் கட்டிய இடத்தில் குழாய் உட்குழிந்து நசுங்கியிருந்தது. மூன்று வண்டிகளும் விபத்தில் சிக்கியவை அல்ல. கனத்த சுமையால் ஒரே நாளில் முறிந்தவையும் அல்ல. நாள்தோறும் கட்டி அவிழ்த்த கயிறே சிறிது சிறிதாக அவற்றைத் தின்றிருக்கிறது.

நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே தேநீர் விற்பவர் ஒருவர் தம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். முப்பது வயது இருக்கலாம். பின்சக்கரத்தின் பக்கம் ஏதோ கிறீச்சிடுகிறது, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் போதும் என்றார். கடைக்காரர் எண்ணெய்க் குப்பியை எடுக்கவில்லை. கேரியரின்மேல் இருந்த பிளாஸ்க்கை இறக்கச் சொல்லி, குனிந்து பார்த்தார். கேரியரின் கால் ஒன்று அச்சில் இல்லை. அதனைப் பிடித்திருந்த போல்ட் எப்போதோ விழுந்துவிட, கட்டடம் கட்டும் இடத்தில் கிடைத்த கட்டுக்கம்பியால், பின்சக்கரத்தை நோக்கி இறங்கும் மெல்லிய குழாயோடு அக்காலை இறுக்கிக் கட்டியிருந்தனர். கம்பியை வெட்டி எடுத்தபோது அதன் அடியில் குழாயில் ஒரு பள்ளம் தெரிந்தது. பள்ளத்தின் அடியிலிருந்து மயிரிழைபோல் ஒரு விரிசல் பாதிச் சுற்றுக்கு ஓடியிருந்தது.

"தம்பி, இன்று இரவு இதில் பாரம் ஏற்றக்கூடாது" என்றார் கடைக்காரர்.

"அப்படிச் சொல்லாதீர்கள் அண்ணா. இன்று விற்றால்தான் நாளைக்குப் பால் வாங்க முடியும். நாளை மறுநாள் கொண்டுவந்து விடுகிறேன்."

"லாரி ஓடுகிற சாலையில் போகிறாய். பிளாஸ்க்கு நிறையக் கொதிக்கும் தேநீர் இருக்கிறது. வண்டி நடுவழியில் மடிந்தால் யாருக்குப் பதில் சொல்வாய்? வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் அல்லவா?"

அந்த இளைஞர் பேசாமல் நின்றார். ஒரு நாள் வருமானம் என்பது, மாதச் சம்பளம் வாங்குவோர் நினைப்பதுபோல் முப்பதில் ஒரு பங்கு அன்று. மறுநாள் வியாபாரத்தின் முதல் அதுவே. கடைக்காரர் உள்ளே சென்று, வாடகைக்கு விடும் பழைய வண்டி ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார். வாடகை கேட்கவில்லை. கேரியரின்மேல் ரப்பர் துண்டு ஒன்றை விரித்துப் பிளாஸ்க்கைத் தாமே கட்டிக் கொடுத்தார். இளைஞர் சென்ற பின்னர் நம்மைப் பார்த்து, "சுமை இதை உடைக்கவில்லை ஐயா, கம்பி அறுத்திருக்கிறது" என்றார். இவ்வொரு வாக்கியத்தில் முழு விஷயமும் அடங்கியிருப்பதாக நமக்குப் பட்டது.

கயிறு அறுக்கும் விதம்

கயிறு மென்மையானது; இரும்போ வலியது. மென்மையானது வலியதை எவ்வாறு அறுக்கும்? கிணற்றுக் கல்லில் கயிறு தேய்த்த தடத்தைக் கண்டவர்களுக்கு இக்கேள்வி எழாது. அங்கே கயிற்றோடு மணலும் சேர்ந்தே தேய்க்கிறது. சைக்கிளிலும் நிகழ்வது அதுவே.

ஹெப்பகோடியைச் சுற்றியுள்ள மண்ணும் இதற்குத் துணைசெய்கிறது. பெங்களூர் நிற்கும் பாறை மிகப் பழமையானது. லால்பாக் தோட்டத்தில் தலைநீட்டிக்கொண்டிருக்கும் பாறையின் வயது சுமார் 300 கோடி ஆண்டு என்பர். அவ்வகைப் பாறை சிதைந்து உண்டான செம்மண்ணில் குவார்ட்ஸ் என்னும் படிகக்கல் துகள்கள் நிறைய உண்டு. மேலும், அண்டையிலுள்ள ஜிகணி, கிரானைட் கற்களை அறுத்து மெருகிடும் தொழிலுக்குப் பெயர்பெற்ற இடம். கல் ஏற்றிய லாரிகள் செல்லும் சாலைகளில் கல்தூளும் பறக்கிறது. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வகுத்த மோஸ் என்னும் ஜெர்மானிய அறிஞரின் அளவுகோலில் குவார்ட்ஸின் இடம் 7. சைக்கிள் குழாயின் இரும்பு 4, 5 என்ற அளவில் நிற்கிறது. வர்ணமோ அதைவிட மிகவும் மென்மையானது. இத்தூள் கயிற்றின் புரிகளில் புகுந்துகொண்டால், அக்கயிறு உப்புத்தாளின் குணத்தைப் பெற்றுவிடுகிறது.

ஆனால் உப்புத்தாளும் அசைத்தால்தான் தேய்க்கும். சுமை அசையாமல் இருந்தால் தூளால் தீங்கில்லை. சாலையின் ஒவ்வொரு குழியிலும் சுமை ஒரு நூலளவு துள்ளி மீள்கிறது. காலையிலிருந்து மாலைக்குள் ஆயிரக்கணக்கான முறை இவ்வசைவு நிகழும். முதலில் வர்ணம் போகும்; அடுத்து அதனடியில் பூசிய பூச்சு போகும்; பிறகு இரும்பு வெளிப்படும். மழைநீரும் வியர்வையும் சிந்திய பாலும் அங்கே தங்கும். பெங்களூரில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை மிகுதி. நனைந்த கயிறு தன்னடியில் உள்ள ஈரத்தை வெயிலுக்கும் காற்றுக்கும் காட்டாமல் மூடிக் காப்பதால், வெளிப்பகுதி உலர்ந்த பின்னரும் உள்ளே துரு வளர்ந்துகொண்டே இருக்கும்.

கடைசியாக வருவது விரிசல். ஓர் இரும்புக் கம்பியை மேலும் கீழுமாகப் பலமுறை வளைத்தால் அது முறிவதை நாம் அறிவோம். பொறியாளர் இதனை உலோகக் களைப்பு என்பர். எஃகுக்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லைக்குள் அடங்கிய பாரத்தை அது எத்தனை இலட்சம் முறையும் தாங்கும். ஆனால் குழாயில் ஒரு கீறலோ பள்ளமோ விழுந்தால், பாரத்தின் விசை முழுவதும் அவ்விடத்தில் குவிந்து, அவ்வெல்லையைக் கடந்துவிடும். குழாயின் கனமோ ஓரிரு மில்லிமீட்டருக்கு மேற்படாது. பாரம் கூடாமலே பிரேம் முறிவதன் காரணம் இதுதான்.

உலகம் கண்ட சுமைச் சைக்கிள்கள்

முக்கோணங்களை இணைத்த இன்றைய பிரேமின் வடிவம் நூற்றாண்டு கடந்தது. 1885-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி உருவாக்கிய 'ரோவர்' வண்டியின் வழியில் வந்தது அது. நம் நாட்டில், 1949-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் சென்னையை அடுத்த அம்பத்தூரில் ஹெர்குலிஸ் வண்டிகளைச் செய்யலாயிற்று. ஓட்டுபவர் ஒருவரைச் சுமப்பதற்கென்று பிறந்த இவ்வடிவத்தின்மேல், உலகெங்கும் ஏழை மக்கள் ஒரு வண்டிச் சுமையை ஏற்றிவிட்டனர்.

1954-ஆம் ஆண்டில் வியட்நாமின் தியன் பியன் பூ என்னுமிடத்தில் பிரெஞ்சுப் படையை முற்றுகையிட்டவர்களுக்கு, மலைப்பாதைகளின் வழியே அரிசியையும் வெடிமருந்தையும் சைக்கிள்கள் கொண்டுசென்றன. அவற்றை யாரும் ஏறி ஓட்டவில்லை. கைப்பிடியில் ஒரு மூங்கிலையும் இருக்கையின் இடத்தில் ஒரு கோலையும் நீட்டிக் கட்டி, நடந்தே தள்ளிச் சென்றனர். ஒரு வண்டி 200 கிலோவும் அதற்கு மேலும் சுமந்தது. கவனிக்கத் தக்கது யாதெனில், பாரம் ஏற்றுவதற்கு முன்னரே அவர்கள் பிரேமுக்கும் முன்கவைக்கும் இரும்பாலும் மரத்தாலும் முட்டுக் கொடுத்தார்கள். டயரின் உள்ளே பழந்துணிப் பட்டைகளைச் சுற்றினார்கள். வண்டியைப் பேணிய பிறகே சுமையைக் கட்டினர்.

தமிழகத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தின் கதை நம்மில் பலர் அறிந்தது. 1991-ஆம் ஆண்டில் அங்கே தொடங்கிய அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்பித்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். பெண்களுக்கான வண்டிகள் போதாமையால் ஆண்களுக்கான வண்டிகளிலேயே பலர் பழகினர். பின்னர் அவ்வண்டியையே விரும்பியவர்களும் உண்டு. 'பார்' இருந்தால் அதில் குழந்தையை உட்காரவைக்கலாம் அன்றோ! பின்னால் தண்ணீர்க் குடமும் முன்னால் குழந்தையுமாக அவர்கள் சென்றனர்.

யாழ்ப்பாணத்தின் கதை துயரமானது. 1990-ஆம் ஆண்டில் மீண்டும் போர் மூண்ட பிறகு, எரிபொருள் தடைபட்ட அக்குடாநாட்டில் சைக்கிளே பேருந்தும் லாரியும் ஆயிற்று. 1995 அக்டோபர் 30 அன்று வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சியை நோக்கி வெளியேறியபோது, பெட்டியும் படுக்கையும் கட்டிய சைக்கிள்களை உருட்டிக்கொண்டே சென்றனர். ஒரு குடும்பம் தன்னோடு எடுத்துச்செல்ல முடிந்ததெல்லாம் ஒரு பிரேமின்மேல் கட்டிய அளவுதான். அத்தகைய பயணத்தின் நடுவே வண்டி முறிந்தால் எதை விட்டுச்செல்வது என்ற கேள்வி எழும். ஹெப்பகோடித் தேநீர் வணிகருக்கு அத்தகைய இடர் இல்லை; ஆயினும் அவருடைய குடும்பமும் ஒரு பிரேமின் மேல்தான் அமர்ந்திருக்கிறது.

காக்கும் முறை

கடைக்காரரிடம் கேட்டறிந்ததையும், நூல்களில் பயின்றதையும் சேர்த்துக் காப்பு முறைகளை வரிசைப்படுத்துவோம்.

முதலாவது, சுமை தங்கவேண்டிய இடம் கேரியர். அதன் கால்கள் அச்சு நட்டிலோ, அதற்கென்றே பிரேமில் வைத்த துளையிலோ போல்டால் பொருத்தப்பட்டிருக்கவேண்டும். அப்போதுதான் பாரம் நேரே சக்கரத்துக்கு இறங்கும். மெல்லிய குழாய்களோடு கம்பியால் கட்டுவது எக்காலத்தும் கூடாது. போல்ட்டுக்கு அடியில் ஸ்பிரிங் வாஷர் போடுவதும் வழக்கம். ஒரு போல்ட் விழுந்துவிட்டால் மறுபோல்ட் வாங்குவதற்கு ஆகும் செலவு ஒரு தேநீரின் விலையைத் தாண்டாது.

இரண்டாவது, கயிறும் குழாயும் நேரே தொடலாகாது. பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் பிளந்து, கயிறு படும் இடங்களிலெல்லாம் சுற்றிக்கொள்வது நம்மவர் அறிந்த எளிய வழி. பிளவு அடிப்பக்கமாக இருந்தால் தண்ணீர் வடிந்துவிடும். துணியைச் சுற்றினால் அது ஈரத்தைக் குடித்துக்கொள்ளும் ஆதலால் தவிர்ப்பது நலம். விலையுயர்ந்த வண்டி வைத்திருப்போர், ஒளி ஊடுருவும் பாலியூரித்தேன் பட்டையை ஒட்டிக்கொள்கின்றனர். ஹெலிகாப்டரின் சுழல் இறகுகளை மணல் அரிக்காமல் காப்பதற்கு ஒட்டும் பட்டையின் இனத்தைச் சேர்ந்தது அது. எதை ஒட்டினாலும் முதலில் குழாயைக் கழுவித் துடைத்து உலரவிடவேண்டும். தூளை உள்ளே வைத்து மூடினால் காப்பே கேடாகிவிடும்.

மூன்றாவது, கட்டும் பொருள். மெல்லிய கயிறு ஒரே கோட்டில் அழுத்துகிறது. அகன்ற நாடாப்பட்டை அழுத்தத்தைப் பரப்புகிறது. பருத்திக் கயிறும் சணற்கயிறும் நனைந்தால் சுருங்கி இறுகும். நைலான் கயிறோ நனைந்தால் நெகிழும். ஆகவே மழையில் சென்றபின் முடிச்சைச் சோதிப்பது இன்றியமையாதது. கொக்கி வைத்த மீள்கயிறு எளிதாக இருப்பினும், அது சுமையைத் துள்ளவிடும். கொக்கியும் வர்ணத்தைக் கீறும். சுமை துள்ளாதவாறு இரு புறமும் ஒத்த எடையாக, இயன்ற அளவு தாழ்வாகக் கட்டி, ஒரு கிலோமீட்டர் சென்றதும் நிறுத்தி மீண்டும் ஒருமுறை இறுக்கிக்கொள்வது நல்ல பழக்கம். ஏணிபோன்ற கடினமான பொருளைக் கட்டுகையில், குழாய்க்கும் அதற்கும் இடையே தடித்த ரப்பர் துண்டை வைத்தால் குழாய் நசுங்காது.

நான்காவது, வாரம் ஒருமுறை எல்லாக் கட்டுகளையும் அவிழ்ப்பது. இம்முறைகளுள் தலையாயது இதுதான் என்போம். மற்ற மூன்றும் தேய்மானத்தைக் குறைக்கும். இதுவொன்றே தேய்மானத்தைக் கண்ணுக்குக் காட்டும்.

பழுது நீக்கும் முறை

அவிழ்த்துப் பார்க்கையில் வர்ணம் மட்டும் போயிருந்தால் அஞ்சவேண்டியதில்லை. அவ்விடத்தைச் சோப்பு நீரால் கழுவி உலர்த்தி, உப்புத்தாளால் துரு முழுவதும் போய் இரும்பு பளிச்சிடும் வரையில் தேய்க்கவேண்டும். குழிகளில் ஒளிந்த துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கி கடைகளில் கிடைக்கிறது, கையுறையோடு பயன்படுத்துக. பிறகு ரெட் ஆக்சைடு அடிப்பூச்சு ஒருமுறை. அது காய்ந்தபின் எனாமல் வர்ணம் மெல்லியதாக இருமுறை. பூசிய மறுநாளே கயிற்றைக் கட்டினால் வர்ணம் கயிற்றோடு வந்துவிடும். ஒரு வாரமாவது இறுகவிடுவது நலம்.

விரிசல் உண்டோ என்ற ஐயம் எழுந்தால் அதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. பழைய நாளில் ரயில்வே பணிமனைகளிலும் இவ்வகைச் சோதனையைக் கையாண்டனர். ஐயத்துக்குரிய இடத்தைத் தூய்மை செய்து மண்ணெண்ணெயைத் தடவி, சில நிமிடம் சென்றபின் நன்றாகத் துடைத்துவிடவேண்டும். மண்ணெண்ணெய் கிடைக்காவிடில் டீசலும் உதவும். பின்பு சாக்கட்டியைப் பொடித்து மேலே தூவினால், விரிசலுக்குள் புகுந்திருந்த எண்ணெய் கசிந்து, வெண்பொடியில் கருங்கோடு ஒன்றை வரைந்துவிடும். தலைக்குழாயின் கீழ்ப்பக்கம், பெடல் அச்சு இருக்கும் கூடு, இருக்கையின் அடியில் குழாய்கள் கூடும் இடம், கேரியர் போல்ட்டின் துளைகள் ஆகியவற்றை முதலில் சோதிக்கவேண்டும்.

விரிசல் கண்ட எஃகுப் பிரேமைச் செப்பனிடலாம். தேநீர் வணிகரின் வண்டிக்கு நம் கண்ணெதிரே அது நடந்தது. கடைக்காரர் அறுபட்ட இடத்தின் வர்ணத்தை முற்றும் சுரண்டினார். குழாயை அவ்விடத்தில் துண்டித்து, உட்புறம் சரியாகப் பொருந்தும் இரும்புத் தண்டு ஒன்றைச் செருகி, இரு முனைகளையும் சேர்த்தார். வெண்காரத்தைத் தூவிக் காஸ் சுடரால் செந்நிறம் வரும்வரை காய்ச்சி, பித்தளைப் பற்றாசை உருகவிட்டார். உருகிய பித்தளை நீர்போல் ஓடி இடுக்கில் புகுந்தது. பழைய முறையில் செய்த பிரேம்களின் மூட்டுகளும் இவ்வாறு பித்தளையால் இணைக்கப்பட்டவையே. இரும்பை உருக்கும் வெப்பம் இதற்குத் தேவையில்லையாதலால் மெல்லிய குழாய்க்குக் கேடு குறைவு. ஆறியபின் அரத்தால் மட்டம் செய்து, சக்கரத்தைச் சுழற்றி, அது நடுவில் ஓடுகிறதா என்று பார்த்தார். கேரியர் காலுக்குப் புதிய போல்ட்டும் போட்டார். விரிசலின் மேலே வெறுமனே பற்றவைத்து வர்ணம் பூசி மறைப்போரும் உண்டு; அவ்வாறு செய்தது ஒளிந்த நோய்போல் மீண்டும் கிளம்பும்.

எல்லாப் பிரேமும் எஃகு அன்று. காந்தம் ஒன்றை வைத்துப் பார்த்தால் எஃகில் ஒட்டும், அலுமினியத்தில் ஒட்டாது. அலுமினியக் கலவையில் செய்த பிரேமுக்கு வெப்பப் பதம் கொடுத்து வலுவேற்றியிருப்பார்கள். சாலையோரத்தில் பற்றவைத்தால் அப்பதம் அழிந்து, ஒட்டிய இடத்தின் அருகிலேயே மீண்டும் முறியும். எஃகுக்கு உள்ளதுபோன்ற களைப்பின் எல்லையும் அலுமினியத்துக்கு இல்லை. ஆகவே விரிசல் கண்ட அலுமினியப் பிரேமை மாற்றிவிடுவதே அறிவுடைமை. கரியிழையால் ஆன பிரேமில் பட்டை உராய்ந்து மேற்பூச்சு போய் இழை தெரியத் தொடங்கினால் உடனே சுமையை நீக்கவேண்டும். ஒரு நாணயத்தால் மெல்லத் தட்டினால் நல்ல இடத்தில் ஓசை தெளிவாகவும், உள்ளே பிரிந்த இடத்தில் மந்தமாகவும் கேட்கும். அதனைச் செப்பனிடுவோர் தனித் தேர்ச்சி பெற்றவர்கள். "அது என் கைக்கு அடங்காது, தெரிந்தவரிடம் அனுப்பிவிடுவேன்" என்று நம் கடைக்காரர் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்னும் தொழிலாளியிடம் வண்டியை நம்பி ஒப்படைக்கலாம்.

ஓட்டுபவர் காணாத இடம்

ஹெப்பகோடியின் உழைப்பாளர் பலர், இருள் பிரியுமுன் புறப்பட்டு இருள் சூழ்ந்தபின் திரும்புகின்றனர். பகல் வெளிச்சத்தில் தம் வண்டியைப் பார்க்கும் பொழுதே அவர்களுக்கு வாய்ப்பதில்லை. மறுநாளும் அதே சுமையைக் கட்டவேண்டியிருப்பதால் கயிற்றை அவிழ்க்காமலே விட்டுவிடுகின்றனர். அசட்டை என்று இதனைப் பழிப்பது தகாது, ஓய்வின்மையே காரணம். இவ்விடத்தில் குடும்பத்தாரும் நண்பர்களும் துணைபுரியலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளைக் கொண்டு அப்பாவின் வண்டியைக் கழுவச் சொல்வதில் சிறுமை ஒன்றுமில்லை. வர்ணம் எங்கே போயிருக்கிறது என்று இளங்கண்கள் எளிதில் கண்டுபிடிக்கும். ஒரு தெருவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் சில சேர்ந்து ஒரு டப்பா ரெட் ஆக்சைடையும் ஒரு கட்டு உப்புத்தாளையும் வாங்கி வைத்துக்கொண்டால் பல வண்டிகளுக்கு ஆகும். நம் சங்கத்து உறுப்பினர்களில் பணிமனை அறிவு உடையோர் பலர் உளர். மாதத்தில் ஒரு காலைப்பொழுதை அவர்கள் இதற்கு ஈந்தால், அச்சிறு உதவி ஒரு குடும்பத்தின் பிழைப்பைக் காத்ததாகும்.

தேநீர் வணிகர் மறுநாள் மாலை தம் வண்டியைப் பெற்றுச் சென்றதாகப் பின்னர் அறிந்தோம். செப்பனிட்ட கூலியை நான்கு தவணையாகக் கொடுப்பதென்று பேச்சு. கேரியரின் அடியில் கட்டுக்கம்பி இருந்த இடத்தில் இப்போது சிவந்த அடிப்பூச்சு தெரியும். எனாமல் பூச இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் வாரம் ஒருமுறை வந்து கட்டை அவிழ்த்துக் காட்டவேண்டும் என்று கடைக்காரர் நிபந்தனை விதித்திருக்கிறாராம்.